ஒரு கரை, ஒரு மலை: திருச்சியிலிருந்து இலங்கைக்குச் சிக்கனப் பயணம்

கடலும் மலையும் ஒருங்கே அமைந்த சிறிய நாடு ஒன்றுக்குக் குறைந்த செலவில் சென்றுவர எண்ணும் திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம், துறையூர் வட்டாரத்தாருக்கு இலங்கையைக் காட்டிலும் கைக்கெட்டும் நாடு வேறில்லை. 65,610 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அந்தத் தீவு தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழப் பாதிதான்; வடமுனையிலிருந்து தென்முனை வரை சுமார் 435 கிலோமீட்டர் நீளமும், மிக அகன்ற இடத்தில் சுமார் 225 கிலோமீட்டர் அகலமும் கொண்ட அதன் நடுவே, 2,524 மீட்டர் உயரமுள்ள பீதுருதாலகாலையைத் தலையாகக் கொண்ட மலைநாடு எழுந்து நிற்கிறது. நிலப்படத்தில் இந்த அளவைப் பார்ப்பவர்கள் ஒரு வாரத்தில் முழுத்தீவையும் சுற்றி வந்துவிடலாம் என்று கணக்குப் போடுவது இயல்பு; செலவு கட்டுமீறிப் போவதற்கு முதற்காரணமும் அந்தக் கணக்கே. ஆறு இரவுகளில் ஆறு ஊர்கள் என்று திட்டமிடுகிறவர் பேருந்துக்கும் ரயிலுக்கும் காத்திருக்க முடியாமல் வாடகை வண்டி எடுக்க நேர்கிறது. ஓரிரவு மட்டும் தங்குகிறவரிடம் விடுதிக்காரர் வாடகையைக் குறைப்பதுமில்லை. கண்டியிலிருந்து நுவரெலியா எண்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருந்தாலும் மலைச்சாலையில் பேருந்துக்கு மூன்று மணி நேரம் வரை ஆகிறது என்பதைப் படம் சொல்வதில்லை. ஆகவே இந்த இயல் பரிந்துரைக்கும் முறை, ஒரு பயணத்துக்கு ஒரு கடற்கரை, ஒரு மலைச்சரிவு என்று வரையறுத்துக்கொண்டு, எஞ்சியதை இன்னொரு பருவத்துக்கு விட்டுவைப்பதாகும்.

எந்தக் கரை என்பதை மழையே தீர்மானிக்கும்

இலங்கைக்குச் செல்ல ஏற்ற மாதம் எது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. தீவின் எந்தப் பக்கத்துக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலி உள்ளிட்ட மேற்கு, தென்மேற்குக் கரைகளிலும் மலைநாட்டின் மேற்குச் சரிவிலும் மழையைக் கொட்டுகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில், அதாவது ஒரு பருவக்காற்று ஓய்ந்து மற்றது நிலைபெறுவதற்கு முன்னான இடைப்பருவத்தில், இடியும் புயலும் தீவின் எந்த மூலைக்கும் வரலாம். அதற்குப் பிந்திய வடகிழக்குப் பருவம் யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய வடக்கு, கிழக்குப் பகுதிகளை நனைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துக் கொள்வதால் ஜூலையில் கேரளம் நனையும்போது திருச்சி காய்ந்து கிடப்பதை அறிந்த வாசகர்களுக்கு இந்த அமைப்பைப் புரிந்துகொள்வது எளிது. இலங்கையில் அதே வேலையை நடுமலைகள் செய்கின்றன. மலையின் ஒருபுறம் மழை பெய்யும்போது காற்று ஈரத்தை இழந்து மறுபுறம் வறண்டு இறங்கும் அப்பகுதியையே மழைமறைவுப் பகுதி என்பர். ஊவா மாகாணத்துப் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஊர்கள் தென்மேற்குப் பருவத்தில் பெரும்பாலும் அத்தகைய மறைவில் அமைகின்றன. ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கு வீசும் வறண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலை தன் தனிமணத்தைப் பெறுகிறது. மட்டக்களப்புப் பக்கத்தில் இக்காற்றைக் கச்சான் என்று அழைப்பார்கள்.

இதிலிருந்து இரண்டு திட்டங்கள் தாமாகவே அமைகின்றன. ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரை செல்லக்கூடியவர்கள் கொழும்பு வழியாக நுழைந்து, கண்டி, அட்டன், அப்புத்தளை எனத் தொடருந்துப் பாதையிலேயே மலையேறி, எல்லவிலிருந்து வெல்லவாய வழியாகத் தென்கரைக்கு இறங்கி, மாத்தறை, காலி ஊடாகக் கரையோர ரயிலில் கொழும்புக்குத் திரும்பலாம். மே முதல் செப்டம்பர் வரை செல்லக்கூடியவர்கள் யாழ்ப்பாணத்தில் இறங்கி, திருகோணமலை, மட்டக்களப்பு எனக் கிழக்குக் கரையோடு சென்று, பதுளைக்கு ஏறி, அங்கிருந்து ரயிலில் கொழும்பை அடைந்து ஊர் திரும்பலாம். பள்ளி விடுமுறையை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு இரண்டாவது திட்டமே பெரும்பாலும் பொருந்துகிறது; அவர்கள் ஏப்ரலைத் தவிர்த்து மே மாதத்தைத் தேர்வது நல்லது. சித்திரைப் புத்தாண்டு இலங்கையில் சிங்களவர், தமிழர் இருசாராரும் கொண்டாடும் பெருவிழாவாதலால், அந்த வாரத்தில் கடைகள் அடைக்கப்படும், பேருந்துகள் குறையும், நுவரெலியாவிலோ குதிரைப் பந்தயமும் பூக்காட்சியும் நடக்கும் அந்த ‘வசந்த கால’த்தில் அறை வாடகை பன்மடங்காகும். டிசம்பர் இறுதியிலும் வாடகை அப்படியே. பௌர்ணமி நாள் ஒவ்வொன்றும் ‘போயா’ என்னும் பொது விடுமுறை என்பதையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். போயாவை ஒட்டி வார இறுதி வந்தால் மலை ரயில்களில் கால் வைக்க இடமிராது.

பச்சைமலை என்னும் ஒத்திகை

மலைநாட்டின் குளிரைப் பற்றி வெளியாகும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டாருக்காக எழுதப்பட்டவையாதலால், அவற்றை நம்பி மெல்லிய சட்டையோடு சென்று, அங்கே கம்பளிச் சட்டை வாங்குவோர் பலர். உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது வெப்பம் ஆறு, ஏழு பாகை செல்சியஸ் அளவுக்குக் குறையும் என்பது பொதுவிதி. கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர், எல்ல சுமார் 1,000 மீட்டர், நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளன. திருச்சி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் பச்சைமலையின் உயரமும் ஏறத்தாழ 500 முதல் 1,000 மீட்டர் வரையே ஆதலால், துறையூரிலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறி மார்கழியில் ஓரிரவு தங்கியவருக்குக் கண்டியும் எல்லவும் புதிதாக எதையும் காட்டிவிடாது. நுவரெலியா மட்டும் வேறு. ஜனவரி இரவுகளில் அங்கே வெப்பம் பத்துப் பாகைக்கும் கீழே இறங்கும், சில விடியல்களில் புல்மேல் உறைபனி படிவதும் உண்டு.

புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னதாக, எடுத்துச்செல்லவிருக்கும் அதே பையைச் சுமந்து பேருந்திலேயே பச்சைமலைக்குப் போய், மங்களம் அருவி வரை நடந்து திரும்பிவந்தால், எந்தப் பொருள் வேண்டாதது, எந்தச் செருப்பு கடிக்கிறது என்பது குறைந்த செலவில் தெரிந்துவிடும். மலைநாட்டு யாத்திரைத் தலமான சிவனொளிபாதமலையின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏற நினைக்கும் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஒத்திகை கட்டாயம் வேண்டும்.

நுழைவதும் வெளியேறுவதும்

பாம்பன் பாலம் 1914-இல் திறக்கப்பட்டபின், சென்னை எழும்பூரிலிருந்து திருச்சி வழியாகத் தனுஷ்கோடிக்கு ஓடிய போட் மெயில் பயணியைக் கப்பலுக்குக் கொண்டுசேர்க்க, கப்பல் தலைமன்னாரில் இறக்க, அங்கிருந்து மறு ரயில் கொழும்புக்குப் புறப்பட்டது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அவ்வழியான தொடர்பு அற்றது. இன்று திருச்சியில் உள்ளவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. திருச்சி விமான நிலையத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் ஸ்ரீலங்கன் விமானம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கட்டுநாயக்கவில் இறங்குகிறது. இண்டிகோ நிறுவனம் 2025 மார்ச் 30-இல் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்குச் சிறிய விமானச் சேவையைத் தொடங்கியது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14-இல் விடப்பட்டு, சில நாட்களிலேயே மழைக்காலத்தை முன்னிட்டு நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மீண்டும் தொடங்கியது. கடந்து செல்ல நான்கு மணி நேரம் அளவில் ஆகிறது.

கப்பல்தான் மலிவு என்ற பொதுக் கருத்து எப்போதும் சரியாவதில்லை. முந்தின நாளே நாகப்பட்டினம் போய்த் தங்குவதற்கான செலவையும், இலவசமாக அனுமதிக்கப்படும் எடைக்கு மேற்பட்ட சுமைக்கான கட்டணத்தையும், கடல் கொந்தளித்தால் பயணம் தள்ளிப்போகும் வாய்ப்பையும் சேர்த்துப் பார்த்தால், சலுகை விலையில் கிடைக்கும் விமானச் சீட்டு சில வாரங்களில் கப்பலுக்கு நிகராகவே அமைகிறது. கப்பலில் செல்வோர் முன்னும் பின்னும் ஒவ்வொரு நாளை வெறுமையாக விட்டுவைப்பதோடு, கப்பலிலிருந்து இறங்கிய அன்றே வேறு முன்பதிவு எதையும் வைத்துக்கொள்ளாதிருப்பது நல்லது. இவ்வழிகளை ஒப்பிடுவதைவிடக் கூடுதல் மிச்சம் தருவது, ஒரு வாயிலில் நுழைந்து மறு வாயிலில் வெளியேறுவது. யாழ்ப்பாணத்தில் இறங்கிக் கொழும்பில் விமானம் ஏறுகிறவர், வந்த வழியே திரும்பிப் போகும் ஒரு முழுநாளையும் ஓர் இரவு வாடகையையும் காத்துக்கொள்கிறார்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் புறப்படுமுன் இணையம் வழியே மின்னணுப் பயண அனுமதி பெறவேண்டும். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இந்த அனுமதிக்கான கட்டணமும் விதிகளும் 2023-க்குப் பிறகு பலமுறை மாற்றப்பட்டுள்ளன; ஆதலால் பழைய பயணக் குறிப்புகளைப் பின்பற்றாமல், இலங்கைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தளத்தில் அன்றைய நிலையைப் பார்த்து அங்கேயே விண்ணப்பிக்க வேண்டும். அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் அதே அனுமதிக்குக் கூடுதல் தொகை பெறுகின்றன.

ரயிலும் பேருந்தும்

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை வரை சுமார் 290 கிலோமீட்டர் செல்லும் மலைநாட்டு இருப்புப்பாதை 1924-இல் முழுமை பெற்றது. நீலகிரி ரயிலைப் போலப் பல்சக்கரமோ குறுகிய தண்டவாளமோ இல்லாமல், அகலப்பாதையிலேயே வளைந்து வளைந்து ஏறிப் பட்டிப்பொல நிலையத்தருகே 1,890 மீட்டரைக் கடக்கும் அப்பாதையில், கற்களால் எழுப்பப்பட்ட ஒன்பது வளைவுப் பாலமும், பாதை தன்னைத் தானே சுற்றித் தனக்கடியில் நுழையும் தெமோதரை வளையமும் அருகருகே உள்ளன. இதில் மூன்றாம் வகுப்புச் சீட்டு, நாட்டிலேயே மலிவான மலைக்காட்சிக்கு உரிய சீட்டு என்றால் மிகையாகாது. முன்பதிவு செய்யும் இருக்கைகள் சுமார் ஒரு மாதம் முன்னதாகத் திறக்கப்பட்டு விரைவில் தீர்ந்துவிடுகின்றன. அவற்றைத் தவறவிட்டவர்கள் இடைத்தரகர்களிடம் பன்மடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. முன்பதிவற்ற இரண்டாம், மூன்றாம் வகுப்புச் சீட்டுகள் அன்றன்றே நிலையத்தில் கிடைக்கும் என்பதோடு, கூட்டம் மிகுந்த கண்டி, எல்ல வழிக்குப் பதிலாக எதிர்த்திசையில், பதுளையிலேயே ஏறுகிறவருக்குச் சன்னலோர இருக்கை எளிதில் வாய்க்கிறது. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயல் மலைநாட்டில் பெரும் மண்சரிவுகளையும் உயிரிழப்பையும் ஏற்படுத்தி இப்பாதையையும் பல இடங்களில் சிதைத்தது. எனவே எந்தப் பகுதி வரை ரயில் ஓடுகிறது என்பதைப் புறப்படுமுன் உறுதிசெய்து, ஓடாத பகுதிக்குப் பேருந்தைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வடக்குப் பாதை போரின் காரணமாக 1990-இல் நின்று, யாழ்ப்பாணம் வரை 2014 அக்டோபரிலும் காங்கேசன்துறை வரை 2015 ஜனவரியிலும் மீண்டும் இணைந்தது. ரயில் செல்லாத இடங்களுக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்புப் பேருந்துகளும் தனியார் பேருந்துகளும் செல்கின்றன. சிறிய ஊருக்கும் அரைமணி, ஒருமணிக்கு ஒருமுறை வண்டி உண்டு. நகரங்களில் முச்சக்கர வண்டிக்குப் பேரம் பேசுவதைவிட ‘பிக்மீ’ செயலியில் அழைப்பது செலவைக் குறைக்கும். இரவில் கட்டுநாயக்கவில் இறங்குவோர் கொழும்புக்குள் போவதைத் தவிர்த்து அருகிலுள்ள நீர்கொழும்பில் தங்கினால், வாடகையும் வண்டிச் செலவும் ஒருசேரக் குறையும்.

மலைநாட்டில் தங்குதல்

எல்ல இன்று வெளிநாட்டு இளைஞர்களின் ஊராகிவிட்டது. தெருவெங்கும் காப்பிக்கடைகளும் அதற்கேற்ற விலைகளும் உள்ளன. அதே பாதையில் சில நிலையங்கள் முன்னதாக உள்ள அப்புத்தளையும் பண்டாரவளையும் அதே மலையை அதைவிட அமைதியாகவும் மலிவாகவும் காட்டுகின்றன. இரண்டிரவுக்குமேல் தங்குவதாகச் சொன்னால் வீட்டு விடுதிக்காரர்கள் வாடகையைக் குறைக்கவும் செய்வார்கள். அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைத் தொழிற்சாலை வரை தோட்டத் தொழிலாளரோடு பேருந்தில் சென்று, அங்கிருந்து தேயிலைச் சரிவுகளின் ஊடே லிப்டன் இருக்கை என்னும் முகட்டுக்கு ஏழு கிலோமீட்டர் நடப்பது, செலவு மிகக் குறைந்த ஒருநாள் நிகழ்ச்சி. மேகம் பத்து மணிக்குள் மூடிவிடுமாதலால் விடியலில் ஏறவேண்டும்.

அந்த நடையில் எதிர்ப்படுவோர் பேசுவது தமிழ். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து கங்காணிகள், அதாவது ஆள்திரட்டிக் கொண்டுபோய் மேய்த்த இடைத்தரகர்கள், பழைய திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், மதுரை மாவட்டங்களின் வறட்சிப் பகுதிகளிலிருந்து கூட்டிச்சென்ற குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். தோட்டத் துரைமார் 1904-இல் அமைத்த இலங்கைத் தொழிலாளர் ஆணையம் தன் தலைமையிடத்தைத் திருச்சியில்தான் வைத்திருந்தது. பேச்சைக் கேட்டதும் சொந்த ஊர் எது என்று அவர்களே விசாரிப்பார்கள். அவர்களுடைய லயங்களை, அதாவது வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றை அறை வீடுகளை, அனுமதியின்றிப் படம் பிடிப்பதோ, கொழுந்து பறிப்பவரைக் காசு கொடுத்து நிற்கவைப்பதோ ஒவ்வாத செயல்.

சிவனொளிபாதமலைக்குச் செல்வோர் அட்டனில் இறங்கி, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பேருந்தில் போகவேண்டும். டிசம்பர்ப் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரையான யாத்திரைக் காலத்தில் வழிநெடுக விளக்கும் தேநீர்க் கடைகளும் இருக்கும். 2,243 மீட்டர் உயரத்துக்கு ஏற நுழைவுக் கட்டணம் கிடையாது.

சைவ உணவு

ஸ்ரீரங்கத்து வாசகர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். வடக்கிலும் கிழக்கிலும் மட்டுமன்றி, கொழும்பு வெள்ளவத்தையிலும் அட்டன், பண்டாரவளை போன்ற மலையக நகரங்களிலும் ‘சைவக் கடை’ என்னும் பலகை தொங்கும். அங்கே தோசை, இடியப்பம், சொதி, சோறும் கறிகளும் மலிவாகக் கிடைக்கும். மற்ற கடைகளில் எச்சரிக்கை வேண்டும். தேங்காய்ச் சம்பலிலும் பருப்புக் கறியிலும்கூட மாசி, அதாவது உலர்த்தி இடித்த சூரைமீன், சேர்ப்பது வழக்கமாதலால், இறைச்சி இல்லை என்று கடைக்காரர் சொல்வதை மீனும் இல்லை என்று பொருள்கொள்ளக் கூடாது; ‘மாசி போடாதது’ என்று தனியே கேட்கவேண்டும். தேநீர்க் கடையில் உட்கார்ந்ததும் ரோல்ஸ், வடை, பணிஸ் நிறைந்த தட்டைக் கேளாமலே கொண்டுவந்து வைப்பார்கள். எடுத்துச் சாப்பிட்டதற்கு மட்டும் எண்ணிப் பணம் வாங்குவார்கள் என்பதால் மிரள வேண்டியதில்லை. தென்கரையில் சைவக் கடைகள் அரிது. அங்கு சமையலறையுள்ள வீட்டு அறை எடுப்பதே சைவ உணவினருக்குச் சிக்கனம்.

கணக்கு

2024, 2025 ஆண்டுகளில் ஓர் இந்திய ரூபாய் மூன்றரை இலங்கை ரூபாய்க்கு அண்மையில் நின்றது. கீழ்வரும் கணக்கு அந்த விகிதத்தில் அமைந்த மாதிரியே, விலைப்பட்டியல் அன்று. இருவர் தங்கும் எளிய அறைக்கு 6,000, இருவர் உணவுக்கு 4,000, பேருந்துக்கும் ரயிலுக்கும் 1,500 என நாளொன்றுக்கு 11,500 இலங்கை ரூபாய் வைத்தால், எட்டு நாளுக்கு 92,000, அதாவது இந்திய மதிப்பில் 26,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆகும். இதே இருவர் ஓட்டுநருடன் வண்டி எடுத்தால், அந்த வண்டி வாடகை ஒன்றே அறையும் உணவும் சேர்ந்த தொகையை விஞ்சிவிடும். நால்வர் அல்லது ஐவர் கொண்ட குடும்பத்துக்கு இது மாறும். அவர்கள் முழுப் பயணத்துக்கும் வண்டி எடுக்காமல், எல்லவிலிருந்து தென்கரைக்கு இறங்கும் நாள் போன்ற ஓரிரு நாளுக்கு மட்டும் எடுத்துப் பங்கிட்டுக்கொள்வது தகும்.

திட்டத்தை உண்மையில் சரிப்பது நுழைவுக் கட்டணமே. சிகிரியா, ஓட்டன் சமவெளி போன்ற இடங்களில் வெளிநாட்டவருக்கு டாலர் கணக்கில் கட்டணம் உண்டு. சார்க் அமைப்பைச் சேர்ந்த நாட்டவர்க்குப் பல இடங்களில் குறைந்த கட்டணம் இருந்தாலும், கடவுச்சீட்டைக் காட்டினால்தான் அது கிடைக்கும். அதை விடுதியில் விட்டுவந்தவர் முழுத்தொகை கட்ட நேரும். ஒரு பயணத்துக்கு இத்தகைய இடம் ஒன்று போதும். சிகிரியாவைத் தேர்ந்தவர் ஓட்டன் சமவெளியை விடலாம். சிகிரியாவின் தோற்றத்தைக் கண்டாலே போதுமென்றால் எதிரேயுள்ள பிதுரங்கலைப் பாறைமேல் சிறுதொகைக்கு ஏறி அங்கிருந்து பார்க்கலாம். யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில், திருக்கோணேச்சரம், காலிக் கோட்டையின் மதில்கள் ஆகியவற்றுக்குக் கட்டணமில்லை. நல்லூரில் ஆடி, ஆவணியில் நிகழும் இருபத்தைந்து நாள் திருவிழாவின்போது மட்டும் யாழ்ப்பாண அறைகளை முன்னதாகவே உறுதிசெய்ய வேண்டும்.

இந்தியாவின் யுபிஐ முறை 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையில் தொடங்கப்பட்டிருப்பதால் நகரக் கடைகள் பலவற்றில் கைப்பேசியிலேயே செலுத்தலாம். பேருந்து, சைவக் கடை, மலையூர் வீட்டு விடுதி ஆகியவற்றுக்குப் பணத்தாள் தேவை. ஒவ்வொரு முறையும் தானியங்கி இயந்திரம் கட்டணம் பிடிப்பதால், சிறுகச் சிறுக எடுப்பதைவிட இருமுறையில் எடுப்பது நன்று. பணம் மாற்றிய இடத்தில் தந்த ரசீதைக் கடைசி நாள் வரை வைத்திருக்க வேண்டும்; எஞ்சிய இலங்கை ரூபாயைத் திருச்சியில் மாற்ற முயன்றால் விலை மிகவும் குறையுமாதலால், கட்டுநாயக்கவில் உள்ளே செல்லுமுன் அங்குள்ள வங்கி முகப்பிலேயே அந்த ரசீதைக் காட்டி மாற்றிக்கொள்ளலாம்.